தலைகீழாக நின்ற 'க'

எட்டு வருஷமாக அம்பிகைபாகனின் விளம்பரக் கம்பெனியில் பிஸ்கட்டுக்கும் பல்பொடிக்கும் சின்னம் வரைந்தவள் கனகேஸ்வரி. தனக்கென்று ஒன்று வரைந்ததில்லை. பினாங்கு கேம்பல் ஸ்திரீட்டில் மாடி அறை பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்குவது என்று முடிவானதும் முதலில் அதற்குத்தான், வேலை முடிந்தபின் ஆபீஸ் மேசையிலேயே உட்கார்ந்தாள்.

தாளிலிருந்து தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒரு 'க'. வயிறு உருண்டிருந்தது, கோட்டின் தொடக்கமும் முடிவும் மெல்லிய இரு நுனிகளாகக் கீழே வளைந்து இறங்கின. எத்தனையோ தாள் கிழித்த பிறகு அது வந்தபோது, யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

ராஜினாமா சொல்லப் போனாள். அம்பிகைபாகன் முகம் சுளிக்கவில்லை.

"நல்லது லா. நோட்டீஸ் மாசத்த முடிச்சிட்டுப் போ. உனக்குன்னு லோகோ போட்டியா? காட்டு, பாப்போம்."

காட்டினாள். ரொம்ப நேரம் பார்த்தார். "அழகா இருக்கு," என்று ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் பாராட்டு அது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னாள்.

மறுவாரம் பூச்சிமருந்து முதலாளியான சீனத் தவுக்கே வந்திருந்தார். அட்டையை மூடியிருந்த துணியை அம்பிகைபாகன் உருவினார். அவளுடைய 'க' அங்கே தலைகீழாக நின்றது. உருண்ட வயிற்றுக்குப் பழுப்பு நிறம். மெல்லிய நுனிகள் இரண்டும் மேலே நீண்டு மீசையாகியிருந்தன. கொழுத்த கரப்பான்பூச்சி.

"சார், இது என்னோட..."

"ஆபீஸ் மையில, ஆபீஸ் மேசையில போட்டது யாரோடது?" தவுக்கேவுக்குப் புரியாத தமிழில், சிரிப்பு மாறாமல் கேட்டார். "பினாங்கு சின்ன ஊரு கனகேஸ். நான் ஒரு வார்த்தை சொன்னா உனக்கு எவனும் வேலை குடுக்க மாட்டான்." பிறகு தவுக்கேயிடம் மலாயில், "வரைஞ்சவங்களே விளக்குவாங்க," என்றார்.

எழுந்தாள். எட்டு வருஷப் பழக்கம் கைகொடுத்தது. ஒரே கோடு, அதனால் பூச்சி ஓடுகிற வேகம் தெரியும் என்றாள். மீசையைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம் என்றாள். தன் வாயில் இவ்வளவு பொருத்தமான காரணங்கள் வருவதை அவளே கேட்டுக்கொண்டிருந்தாள். தவுக்கே கைதட்டினார். அவளோடு எட்டு வருஷம் மேசை பகிர்ந்த ஜெயராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவனும் தட்டினான்.

பஸ், மளிகைக்கடை, காப்பிக்கடைச் சுவர் எங்கும் கரப்பான் ஏறியது. ஆனாலும் நோட்டீஸ் மாசம் முடிந்ததும் அவள் மாடி அறைக் கண்ணாடிக் கதவில் 'க'வை நேராகத்தான் எழுதினாள். என் எழுத்து, நான் ஏன் விடவேண்டும் என்று வீம்பு.

துணிக்கடை பக்கிரிசாமி மனைவியோடு வந்தார். அவள் கொடுத்த, 'க' போட்டிருந்த கார்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, கரப்பான் மருந்துக் கம்பெனியா? சேலைக்கடைக்கு இது சரிப்படாது லா."

மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதன்பின் வந்தவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். வராதவர்கள்தான் அதிகம்.

கடைசியில் அம்பிகைபாகன் போன் செய்தார்.

"அது பதிவான சின்னம் கனகேஸ். கதவுலேருந்து எடுத்துடு. வேலை வேணும்னா வா, கொசு மருந்து ஒன்னு வருது."

பிளேடால் சுரண்டினாள். உருண்ட வயிறு சுலபமாக உரிந்தது. மெல்லிய நுனிகள்தான் கண்ணாடியை விட மறுத்தன.

திங்கட்கிழமை பழைய கம்பெனிக்குப் போனாள். ஜெயராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் அவனைப் பார்க்காமல் உட்கார்ந்து, பென்சிலைச் சீவிக்கொண்டே அம்பிகைபாகனிடம் கேட்டாள்:

"கொசுவுக்கு எத்தனை கலர் சார்?"