முப்பத்தாறாம் வருஷத்துக் கவுன்

ஈப்போ டவுனை ஒட்டிய புந்தோங்கில் தன் வீட்டுக் குசினிக்குள் நுழைந்ததுமே பெர்னடெட் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஊசிப்போன கோப்பி வாடை. லகாட்டில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுக்கப் போனவள், பெண்ணுக்குக் காய்ச்சல் என்று பாதியில் திரும்பியிருந்தாள். அவள் இவ்வளவு சீக்கிரம் வருவாள் என்று புருஷன் எரிக் எதிர்பார்க்கவில்லை. அடுப்புக்கு மேலே குறுக்கே கயிறு கட்டி மெல்லிய தாள்களை உலர்த்திக்கொண்டிருந்தார். தாள்களிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது.

"என்ன கண்றாவி இது?"

"தாளுக்கு வயசு ஏத்துறேன் லா," என்றார் பெருமையாக.

அதெல்லாம் பழைய தையல் பேட்டர்ன். கவுனோ சட்டையோ வெட்டுவதற்கு அந்தக் காலத்தில் உறைக்குள் போட்டு விற்ற மாதிரித் தாள்கள். உறையைப் பார்த்து இது எந்த வருஷத்தது என்று சொல்வது பெர்னடெட்டின் வேலை. படத்தில் தோள் உப்பியிருக்கிறதா, இடுப்பில் கொக்கியா, ஜிப் வைத்ததா, அளவு அங்குலம் மட்டுமா, சென்டிமீட்டரும் உண்டா என்று துருவித் துருவிப் பார்ப்பாள். இதைச் சேர்த்துவைக்கிற பைத்தியங்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். ஈப்போ பெர்னடெட் சொன்னால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அவள் சம்பாதித்து வைத்திருந்தது அந்தப் பேர் ஒன்றைத்தான். பொட்டலம் கட்டி அனுப்புவது எரிக்கின் பாடு.

"இவ்ளோ கோப்பி ஏது?"

"முக்குக் கடைலதான். குடிச்சிட்டு கிளாஸ்ல மிச்சம் வச்சிட்டுப் போவானுங்கள்ல, அத ஊத்தி வைக்கச் சொன்னேன். எப்படியும் கொட்டப்போறதுதானே?"

அடச்சீ! எவனெவனோ வாய் வைத்த எச்சில். தாள் நனைத்த தட்டில் பல் குத்திய குச்சி ஒன்றுகூட மிதந்துகொண்டிருந்தது. இந்த மனுஷன் கையால்தான் காலையில் ரொட்டி வாங்கித் தின்றோம்!

அப்போதுதான் தரையைப் பார்த்தாள். சிந்திய கோப்பியைத் துடைத்துக் கசக்கிப் போட்ட ஒரு தாள். அதில் வரிசையாக ஓட்டைகள்.

"இது துரைசாணி கவுன்! இதைப் போயா தரைக்குப் போட்டீங்க?"

மூடிப்போன ரப்பர் தோட்டம் ஒன்றில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாப் பெட்டியிலிருந்து வந்த பேட்டர்ன் அது. முப்பத்தாறாம் வருஷத்தது என்று போன மாதம்தான் அவள் எழுதிக் கொடுத்தாள். ஈப்போவில் கோப்பிக்கடை நடத்தும் ஷாமினி, கடை மாடியில் பழைய தோட்டத் துணிகளைக் கண்காட்சி வைக்க அதை வாங்கியிருந்தாள்.

"அதுல ஒண்ணுமே அச்சடிக்கல பெர்னா. யாரோ நல்ல தாளை உருவிக்கிட்டு வெறுந்தாளைத் திணிச்சிருக்கானுங்க. பூச்சி வேற அரிச்சிருக்கு. கோடு, நம்பர் எல்லாம் போட்டது நம்மகிட்ட ஒண்ணு இருந்துச்சு. அத நனைச்சு, அந்த உறைல வச்சு ஷாமினிகிட்ட குடுத்துட்டேன். நல்லது பண்ணா திட்டுறியே!"

அந்த பேட்டர்னைப் போட்ட கம்பெனிக்காரன் அப்போதெல்லாம் தாளில் அச்சடிப்பதே கிடையாது. எங்கே மடிப்பு, எங்கே தையல், துணியை எந்தப் பக்கம் போட வேண்டும் எல்லாவற்றுக்கும் ஓட்டைதான் போடுவான். பூச்சி அரித்ததாம்! இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் கட்டியவருக்கு இதுகூடத் தெரியவில்லை. தரையிலிருந்து தாளை எடுக்கப் பார்த்தாள். அது கஞ்சியாகக் கையில் வந்தது.

"துரைமாருங்க நம்மள ஏமாத்தாததா?" என்றார் எரிக். "அவன் பொண்டாட்டி கவுன்ல நாம கொஞ்சம் ஏமாத்துனா என்ன கொறஞ்சுபோச்சு?"

"வாங்குனது துரையா? நம்ம ஷாமினி!"

கையைக் கழுவிக்கொண்டு அப்படியே வண்டி பிடித்துக் கிளம்பினாள்.

ஷாமினி கடை மாடியில் சனிக்கிழமைக் கூட்டம். மேசை மேல் உறையைத் திறந்து, தாளைப் பரப்பி, 'தொட்டுப் பாருங்கள்' என்று வேறு எழுதி வைத்திருந்தாள் ஷாமினி. பக்கத்தில் ஒரு அட்டை: '1936. வருஷத்தைக் கணித்தவர்: பெர்னடெட்.' பழுப்புக் கறைக்கு நடுவே சென்டிமீட்டர் கணக்கு பளிச்சென்று தெரிந்தது. எழுபதுகளின் சரக்கு. விஷயம் தெரிந்தவன் ஒருத்தன் எட்டிப் பார்த்தால் போதும், காறித் துப்புவான்.

"வாசம் பாத்தீங்களா அக்கா? பழைய எஸ்டேட் வாசம்னு எல்லாரும் மோந்து மோந்து பாக்குறாங்க."

பெர்னடெட் அவளை ஓரமாக இழுத்து நடந்ததைச் சொன்னாள். ஷாமினியின் முகம் சுருங்கியது. பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு மட்டும் விட்டுருங்க அக்கா. உங்க பேர் போட்டிருக்கு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எச்சில் கோப்பியைவிட அந்தப் பேச்சு அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அதற்குள் எண்பது வயதைத் தொட்ட ஒருவர் மேசைப் பக்கம் வந்துவிட்டார். சதாசிவம், காம்பாரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். அந்த பங்களாவில் அவருடைய அம்மா ஆயாவாக இருந்தாராம்.

"துரைசாணிக்கு வெட்டுறது, தைக்கிறது எல்லாம் எங்கம்மாதான். இது எங்கம்மா கை பட்ட தாளு," என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டே, இரண்டு கையாலும் தாளை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். யாரோ படம் பிடித்தார்கள். ஷாமினி பெர்னடெட்டின் முழங்கையை அழுத்தினாள்.

பெர்னடெட் கையை உதறினாள்.

"ஐயா, அத கீழ வைங்க. அது உங்கம்மா தொட்டது இல்ல. அதுல இருக்கிறது எங்க முக்குக் கடைல குடிச்சிட்டு வச்ச எச்சில் கோப்பி."

சதாசிவம் தாளை மெதுவாக மேசையில் வைத்தார்.

"அப்ப எங்கம்மா தொட்ட தாளு எங்க?"

"எங்க வீட்டுக் குசினில இருந்துச்சு ஐயா. என் புருஷன் அதைப் போட்டுத் தரை தொடச்சிட்டாரு."

அவர் அந்த இரண்டு கைகளையும் தன் மேலே படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டார்.