ஒற்றைக் கும்பிடு

மருமகள் வருகிறாள் என்றதும் முத்தம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொரியாவிலிருந்து ஒருத்தி கடலூர் முதுநகருக்குத் தனியாக வருகிறாள் என்றால் சும்மாவா வருவாள்? மகன் செம்பியனைப் பற்றி ஏதோ தகவல் இருக்கிறது. நல்லதாகத்தான் இருக்கும். கெட்டதைச் சொல்ல யாராவது இவ்வளவு செலவழித்து விமானம் ஏறுவார்களா?

செம்பியன் வேலை பார்த்த மீன்பிடிக் கப்பல் கொரியாவின் பூசான் துறைமுகத்திலிருந்து போய்க் கவிழ்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆறு பேர் உடம்பு கிடைத்தது. செம்பியனுடையது கிடைக்கவில்லை. முத்தம்மாளின் தம்பி அன்பரசு சிதம்பரத்திலிருந்து வரும்போதெல்லாம் அதையே பேசுவான்.

"அக்கா, மாமாவப் பாரு, பாதி ஆளாயிட்டாரு. எங்க ஊர்லயே ஐயருகிட்ட நாள் கேக்கறேன். புள்ளைக்கு எள்ளுந் தண்ணியுமாச்சும் எறைச்சுடலாம்."

"கட்டிக்கிட்டவளே ஒரு தடவதான்டா கும்புடுறா. ஒனக்கென்ன அவசரம்?"

அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவனே செம்பியன்தான். திருவந்திபுரத்தில் தாலி கட்டிக் கூட்டிவந்த அன்று, ஹேரின் இரண்டு கைகளையும் நெற்றிக்கு உயர்த்தி, மெல்லத் தரையில் உட்கார்ந்து, மாமியார் முன்னால் தலை தாழ்த்தினாள். முத்தம்மாள் பதறிப்போனாள்.

"இருக்கட்டும்மா. அங்க ஒரே ராஜ வம்சம் அஞ்சூறு வருஷம் ஆண்டுச்சாம். ராஜா போயி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அவுங்க காலத்து மொறை மட்டும் போவல. உசுரோட இருக்கறவங்கள ஒரு தடவ கும்புடணும். செத்தவங்கள ரெண்டு தடவ. மாத்திச் செஞ்சா பெரிய குத்தம்" என்றான் செம்பியன்.

"எண்ணிப் போடச் சொல்லுடா. மாமியா மேல இருக்கற கோவத்துல ரெண்டாப் போட்டுடப் போறா" என்றாள் முத்தம்மாள்.

அன்றைக்கு வீடே சிரித்தது.

அவன் காணாமல் போன பிறகு வந்த கொரிய வருஷப் பிறப்புக்கு, ஹேரின் வீடியோவில் வந்து மாமனார் மாமியாரைக் கும்பிட்டாள். "அவன் படத்துக்கும் போடும்மா" என்றாள் முத்தம்மாள். மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினாள். ஒன்று. அடுத்தடுத்த வருஷமும் ஒன்றுதான். பெற்றவளுக்கு அது போதாதா? வெள்ளி தவறாமல் பஸ் ஏறிச் சிதம்பரம் போய்த் தில்லைக் காளிக்கு விளக்கேற்றினாள். கூடத்தில் மாட்டியிருந்த மகன் படத்துக்குப் பொட்டோ மாலையோ வைக்க யாரையும் விடவில்லை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் கரும்பு எடை போட்ட சிங்காரம், மனைவியிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தனியாகப் போய் அழுதார்.

ஹேரின் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். கழுத்தில் தாலி கிடந்தது. அதைப் பார்த்ததும் முத்தம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. சாப்பிடச் சொன்னதற்கு அவள் தலையை ஆட்டிவிட்டு மாமனாரையும் மாமியாரையும் உட்காரச் சொன்னாள். ஆளுக்கு ஒரு கும்பிடு. பிறகு படத்தின் பக்கம் திரும்பினாள்.

கைகள் நெற்றிக்குப் போயின. உட்கார்ந்தாள், தலை தாழ்த்தினாள், எழுந்தாள். ஒன்று.

முத்தம்மாள் மூச்சு விட்டாள். காப்பி போடலாம் என்று எழுந்தும்விட்டாள். ஆனால் ஹேரின் நெற்றியிலிருந்து கையை இறக்கவில்லை. முழங்கால் மறுபடி மடங்கியது.

"வேணாம்டி!" பாய்ந்து போய் அவள் தோளைப் பிடித்தாள் முத்தம்மாள். "ஒண்ணு போதும். என் கண்ணு, ஒண்ணு போதும்மா."

பாதி குனிந்த நிலையிலேயே நின்றாள் ஹேரின். அவள் கண்ணீர் சிமெண்ட் தரையில் சொட்டியது.

"கோர்ட்டுல அவரு இல்லன்னு எழுதிட்டாங்க, அத்தே. போன்ல செய்ய... முடியல."

அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். முத்தம்மாளின் கை தானாகத் தளர்ந்தது. ஹேரின் உட்கார்ந்து, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

முத்தம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அன்பரசுக்குப் போன் போடுங்க. வரும்போது ஒரு மாலை வாங்கியாரச் சொல்லுங்க."