இரட்டை வேகத்தில் சில்வெஸ்டர்

குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து யாரோ மூச்சு விடாமல் படபடவென்று பேசுவது சில்வெஸ்டருக்குக் கேட்டது. சந்தையில் ஏலம் விடுகிறவனின் வேகம். கேஸ் புக் பண்ணிட்டேன் நாளைக்கு வருமாம் அப்புறம் உங்கண்ணன் எரிக் ஃபோன் பண்ணான். குழாயை மூடினான். அது அவனுடைய குரல். மதியம் தொம்மலூர் ஆபீசிலிருந்து, மாடிப்படி அருகே சத்தமில்லாத இடமாகப் பார்த்து நின்று, மனைவிக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்.

ஏலம் முடிந்தது. பிறகு இன்னொரு ஆண்குரல், அதற்குரிய நிதானத்தில்: "பெர்னி, சாப்பிட்டியா? நேத்து மூணாவது வரியில மூச்சு எடுத்துட்டே. எடுக்காம பாடிப் பாரு, எப்படி வருதுன்னு."

அடுப்பில் கரண்டி ஓடும் சத்தம் நின்றுவிட்டது. பெர்னதெத் கேட்டுக்கொண்டிருந்தாள்.

துண்டோடு வெளியே வந்தான்.

"என் மெசேஜ ஏன் அவ்ளோ ஸ்பீடா போட்டே?"

"டூ எக்ஸ்ல போட்டேன். டைம் மிச்சம்."

"க்ளெனோடத மட்டும் சாதாரணமா போடுற."

"அது பாட்டுங்க."

"சாப்பிட்டியான்னு கேக்குறதும் பாட்டா?"

அவள் சிரித்தபடி வெங்காயத்தைக் கிளறினாள். சில்வெஸ்டர் சிரிக்கவில்லை.

க்ளென் அவளோடு ஒரே மறைக்கல்வி வகுப்பில் படித்தவன். பல வருடம் துபாயில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் ஜோகுபாளையத்துக்குத் திரும்பினான். மனைவி இன்னும் அங்கே நர்ஸ். கீபோர்டு வாசிப்பான், நான்கு குரலிலும் பாடுவான். வந்த மூன்றாம் மாதமே பங்குத்தந்தை அவனிடம் பாடகர் குழுவை ஒப்படைத்துவிட்டார்.

குழுவில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். வாரத்தில் ஒரு நாள்தான் பங்கு மண்டபத்தில் கூட முடிகிறது. மற்ற நாட்களில் பயிற்சி ஃபோனில். ஒவ்வொரு குரலுக்கும் உரிய வரிகளை க்ளெனே பாடி அனுப்புவான். அவரவர் காதில் இயர்பட் மாட்டிக்கொண்டு, பஸ்ஸிலும் அடுப்படியிலும் கூடவே பாடிப் பழகுவார்கள். பெர்னதெத் ஆல்டோ. மெட்டு ஒருபக்கம் போக, அதற்குக் கீழே துணையாகப் போகும் குரல். அதனால் வீட்டில் சில்வெஸ்டர் கேட்பது முழுப் பாட்டு அல்ல. அவள் காதில் யாரோ ஏதோ சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு இவள் தாழ்ந்த குரலில் "வாரும்... வாரும்..." என்று பதில் சொல்வது மட்டும்தான். துணி மடித்துக்கொண்டே அவள் அப்படிப் பாடும்போது அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டுவான்.

அவனுக்குப் பாட வராது. திருப்பலியில் உதட்டை மட்டும் அசைப்பான்.

ஆபீசில் சுனிலிடம், யாரோ நண்பனின் கதை போல இதைச் சொன்னான். சுனில் பக்கத்து மேசைக்காரன். கன்னடக்காரன், பாதித் தமிழ் பேசுவான்.

"உங்க ஃப்ரெண்ட்கிட்ட சொல்லுங்க குரு, சும்னே டென்ஷன் ஆகவேணாம்னு. டூ எக்ஸ்லயாவது கேக்குறாங்களே! என் மெசேஜ் எங்க வீட்டுல கேக்குறதே இல்ல. இங்க பாருங்க, இந்தக் குட்டி மைக். கேட்டிருந்தா ப்ளூ ஆகும். எல்லாம் அப்படியே இருக்கு. தீபாவளியில இருந்து இருக்கு."

அன்றிலிருந்து சில்வெஸ்டருக்கு அந்த மைக்கைப் பார்ப்பது ஒரு வேலையாகிவிட்டது. அனுப்பிவிட்டு மேசையில் ஃபோனைச் சாய்த்து வைத்து, எப்போது நீலமாகிறது என்று பார்ப்பான். நீலமானாலும் நிம்மதி இல்லை. எந்த வேகத்தில் கேட்டாள் என்று அது சொல்லாது. மெசேஜ்களைச் சுவாரசியமாக்கப் பார்த்தான். உள் ரிங் ரோட்டில் தண்ணி லாரி சிக்கிக்கொண்டது, மேனேஜர் லிஃப்டில் மாட்டிக்கொண்டது என்று ரேடியோக்காரன் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு சொன்னான். வீட்டுக்கு வந்து "கேட்டியா?" என்றால், "ம், கேட்டேன்" என்பாள்.

ஒரு நாள் சோதித்துப் பார்த்தான். பால் கார்டு, கரண்ட் பில் என்று பேசிக்கொண்டே போய், நடுவில், "மூணாவது மாடியில தீ பிடிச்சிடுச்சு, எல்லாரையும் கீழ எறக்கிட்டாங்க" என்று ஒரு பொய்யைச் சேர்த்தான். கடைசியில், "வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று முடித்தான்.

மைக் நீலமானது. பதில் எழுத்தில் வந்தது: ‘கொத்தமல்லி.’

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவளாகவே சொன்னாள்: "பாவம், க்ளெனுக்குத் தொண்டை கட்டியிருக்கு. மெசேஜ்லயே தெரியுது. மிளகுப் பால் குடிக்கச் சொல்லணும்."

தீயில் வெந்திருந்தாலும் கொத்தமல்லியோடுதான் நான் வந்திருக்க வேண்டும் என்று சில்வெஸ்டர் நினைத்துக்கொண்டான்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மாலை கோவிலில் கேரல்ஸ். ‘விண்மீன் ஒன்று’ என்ற புதுப் பாட்டில் இரண்டாம் சரணத்தைப் பெர்னதெத் தனியாகப் பாட வேண்டும் என்று க்ளென் முடிவு செய்திருந்தான். பள்ளிக்கூடப் பருவத்திலிருந்து குழுவில் இருக்கிறாள். தனியாக ஒரு வரிகூட அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. பச்சைப் பட்டு எடுத்தாள். தான் வேலை பார்க்கும் பள்ளி ஆசிரியைகளுக்கு, கோவிலின் யூட்யூப் சேனலில் நேரலை வரும் என்று லிங்க் அனுப்பினாள். மைசூரில் இருக்கும் எரிக்குக்கு இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். கணவனிடம், "முன்வரிசையில உக்காருங்க, உங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயம் போகும்" என்றாள். அதைக் கேட்டு அவனுக்கு இரண்டு நாள் மனம் லேசாக இருந்தது.

சனிக்கிழமை காலை. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் ஃபோன் ஒளிர்ந்தது. க்ளென். குழுவுக்கு அல்ல, அவளுக்கு மட்டும். நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜ். நான்கு நிமிடம் பேச என்ன இருக்கிறது?

ஃபோனின் பூட்டைத் திறக்கும் எண் இருவருக்கும் தெரியும். தெரியும் என்பதாலேயே இதுவரை அவன் திறந்ததில்லை. இப்போது திறந்தான்.

"பெர்னி, குட் மார்னிங்." ஒரு சின்னச் சிரிப்பு. "உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நேத்து நீ பாடுனது இன்னும் என் காதுலயே நிக்குது. இத்தன வருஷம் உன்ன யாரும் பாட விடலையேன்னு..."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. விரல் தானாகவே மெசேஜை அழுத்திப் பிடித்தது. டெலீட். உனக்கு மட்டும் அழிக்கவா என்று ஃபோன் கேட்டது, ஆமாம் என்று தொட்டான். அந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. குளியலறையில் அவள் அந்தச் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தோடு அது நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு மாலை கோவில் நிறைந்திருந்தது. சில்வெஸ்டர் முன்வரிசையில் உட்கார்ந்தான். பச்சைப் பட்டில் அவள் ஆல்டோ வரிசையின் ஓரத்தில் நின்று அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். தூண் பக்கம் ஸ்டாண்டில் நேரலைக்கான ஃபோன்.

‘விண்மீன் ஒன்று’ தொடங்கியது. பல்லவி, முதல் சரணம், மறுபடி பல்லவி. எல்லோரும் நிறுத்த வேண்டிய இடத்தில் பெர்னதெத் ஓரடி முன்னால் வந்து, கண்ணை மூடி, தொடங்கினாள்: "கந்தல் துணியே மெத்தையாக..."

அதே நொடியில் கீபோர்டும் மற்ற எல்லோரும் முடிவு வரிக்குப் போனார்கள். இரண்டு பாட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று மோதின. அவள் கண்ணைத் திறந்தாள். அவள் குரல் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக ஓடி, நடுவில் நின்றது. சோப்ரானோ வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். பெர்னதெத் அந்த ஓரடியைப் பின்னால் எடுத்து வைத்தாள். பிறகு வந்த இரண்டு பாட்டுகளுக்கும் அவள் உதடு மட்டும் அசைந்தது. அது எப்படி இருக்கும் என்று சில்வெஸ்டருக்குத் தெரியும்.

வெளியே வளாகத்தில் கேக்கும் காபியும் கொடுத்தார்கள். க்ளென் வேகமாக வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"பெர்னி, என்ன ஆச்சு? நான்தான் சொன்னேனே."

"என்ன சொன்னே?"

"ரெண்டாவது சரணத்த ஃபாதர் எடுக்கச் சொல்லிட்டாரு, டைம் இல்லன்னு. குரூப்ல போட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு உனக்குத் தனியா அனுப்புனேன். மத்தவங்களுக்கு நேத்து சாயந்தரம் ஃபோன்ல சொல்லிட்டேன், நீ வருத்தத்துல இருப்பே, உங்கிட்ட இதப் பத்திப் பேச வேணாம்னும் சொன்னேன். நீ பதில் போடல. எம்மேல நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன்."

"எனக்கு எதுவும் வரல, க்ளென்."

"கேட்டிருக்கியே! பாரு, ப்ளூ ஆயிருக்கு."

ஃபோனை நீட்டினான். நான்கு நிமிட மெசேஜ். சனிக்கிழமை காலை. பக்கத்தில் நீல மைக்.

ஒரு மாதமாகத் தன் ஃபோனில் அந்தச் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்த சில்வெஸ்டருக்கு, அது க்ளெனின் ஃபோனிலும் நீலமாகும் என்று தோன்றவே இல்லை. கையிலிருந்த காகிதத் தட்டில் கேக் சரிந்தது. பெர்னதெத் மைக்கைப் பார்த்தாள். நேரத்தைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அதிகம் இல்லை, ஒரு பார்வை.

"ஆமா," என்றாள் க்ளெனிடம். "கேட்டேன். பாடுற பதட்டத்துல மறந்தே போச்சு. என் தப்புதான்."

"அய்யோ, தப்பெல்லாம் இல்ல..."

"நாங்க கெளம்புறோம்."

ஸ்கூட்டரில் அவள் அவன் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அவள் கைப்பையில் ஃபோன் டிங் டிங் என்றது. நேரலை பார்த்தவர்கள்.

வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள்.

"முழுசா கேட்டீங்களா?"

"இல்ல. ஆரம்பம் மட்டும்."

"ஆரம்பத்துல என்ன சொன்னான்?"

அவன் சொன்னான். சொல்லும்போதே, ஒரு கெட்ட செய்திக்கு முன்னால் யாரும் போடும் மெத்தை அது என்று அவனுக்கு விளங்கியது. அப்படியும் நெஞ்சில் ஒரு முள் மிச்சமிருந்தது. மெத்தையை எவ்வளவு மென்மையாகப் போட்டிருக்கிறான்.

"அத நான் கேட்டிருக்கணும்," என்றாள். "பாடக் கூடாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, நல்லாப் பாடுறேன்னு ஒருத்தர் சொன்னத. அதையும் சேத்துத் தொடச்சிட்டீங்க."

"நீ என்னைய டூ எக்ஸ்ல கேக்குற, பெர்னதெத். அவன மட்டும்..."

"பாட்ட வேகமா ஓட்டி எப்படிக் கத்துக்கிறது?" நிறுத்தினாள். பட்டுப்புடவையின் ஊசியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "ஆனா உங்கள ஓட்டுறது டைமுக்காக இல்ல. அது நெஜம். நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அதான் ஓட்டுறேன்."

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டாள், துணி மடித்தாள். இயர்பட் மட்டும் மேசையிலேயே கிடந்தது. வீட்டில் "வாரும்" இல்லை. ஆசைப்பட்ட அமைதி இப்போது கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சில்வெஸ்டருக்குத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து ஆபீஸ் திறந்த அன்று, மதியம் மாடிப்படிக்குப் போனான். கேஸ் இல்லை, பில் இல்லை. ஃபோனை வாயருகே வைத்து, முதன்முதலில் அடுப்படியில் தன் குரலைக் கேட்டதிலிருந்து சொன்னான். தீ பிடித்தது பொய் என்றான். குளியலறையில் அவள் பாடியதைக் கேட்டுக்கொண்டே அழித்தேன் என்றான். நேரலையைப் பார்த்திருந்த எரிக்குக்குத் தானே ஃபோன் செய்து உண்மையைச் சொல்வதாகச் சொன்னான். "நான் பொறாமைப்பட்டேன்" என்ற இடத்தில் யாரோ படியிறங்கி வந்ததால் இருமினான். பிறகு அதையே மறுபடி சொன்னான். மூன்று நிமிடத்துக்கு மேல் போயிற்று.

அனுப்பிவிட்டு ஃபோனைச் சாய்த்து வைத்தான். மைக் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. சுனில் டீக்குக் கூப்பிட்டான், போகவில்லை. ஆபீஸ் காலியாகத் தொடங்கிய நேரத்தில் அது நீலமானது.

தான் பேசியது முழுதாக ஓட எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பதில் அதற்கு முன்பே வந்துவிட்டது. வாய்ஸ் மெசேஜ்.

"கேட்டேன். டூ எக்ஸ்லதான் கேட்டேன், பழக்கமாயிடுச்சு. ஆனா தீ பிடிச்சது கூடக் காதுல விழாம இருந்திருக்கேன் பாருங்க, அது என் மேல தப்பு. எரிக்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நமக்குள்ள இருக்கட்டும். மீதிய வீட்டுக்கு வந்து நேர்ல சொல்லுங்க. நேர்ல உங்கள ஓட்டவா முடியும்?"

குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது. பல நாளுக்குப் பிறகு. சில்வெஸ்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். படியிறங்கும்போது மறுபடி போட்டுக் கேட்டான். அப்போதுதான் கவனித்தான். அவள் பேச்சுக்குப் பின்னால் ஒரு கீபோர்டு ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தது. பங்கு மண்டபம். புத்தாண்டுப் பாட்டுக்கான பயிற்சி. "ஓட்டவா முடியும்" என்று அவள் சொன்னதும் அங்கே வேறு யாரோ சிரித்தார்கள்.

பார்க்கிங்கில் ஸ்கூட்டர் மீது உட்கார்ந்து மூன்றாம் முறை போட்டான். இம்முறை அவள் சொன்னதை அவன் கேட்கவில்லை. ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பின்னால் சிரித்தது ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.