உப்புத் தண்ணீரில் நிற்கும் பெட்டி

அக்கா ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டாள் என்று அத்தான் போனில் சொன்னதும் தங்கைக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. மார்பில் கட்டி. உடனே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். இவள் என்னடாவென்றால், பஸ் டிக்கெட்டை மாற்றுவதுபோல மாற்றிவிட்டாள்.

"கத்தி எதுக்குடி? நீதான் பெட்டி செஞ்சிருக்கியே!" போனைப் பிடுங்கிப் பேசினாள் அக்கா. "உங்க லேப் பெரியவர் டிவில சொன்னாரே. சீக்கிரமே கத்தியே வேண்டாமாம். ஊசியில பெட்டிய ஏத்தினா அதுவே போய் கட்டியத் தேடிப் பிடிக்குமாம். நீகூட பக்கத்துல நின்னு பல்லக் காட்டுனே."

நின்றாள்தான். அந்தப் பெட்டியும் அவள் செய்ததுதான். டி.என்.ஏ. இழைகளை மடித்து மடித்து, எந்தக் கண்ணுக்கும் தெரியாத அளவில் ஒரு பெட்டி. உள்ளே மருந்து. மூடியில் பூட்டு. நோயுற்ற செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்தான் அதற்குச் சாவி. சாவி தொட்டால் மட்டும் மூடி திறக்கும். சோதனைக் குழாயில், உப்புத் தண்ணீரில் அழகாகத் திறந்தது. அன்றைக்கு அவள் குதித்த குதியில் நாற்காலியே விழுந்தது.

ரத்தத்தில் விட்டபோதுதான் வண்டவாளம் வெளிப்பட்டது. பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்த உப்பு ரத்தத்தில் போதவில்லை. இழைகளைக் கடித்துத் துப்பும் நொதிகள் வேறு. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், மழையில் நனைந்த அட்டைப் பெட்டிகள் போல எல்லாம் பிரிந்து கிடந்தன. சாவியே இல்லாமல் மருந்து கண்ட இடத்திலும் கொட்டியது. படத்தைக் கொண்டுபோய் ஆய்வகத் தலைவரிடம் காட்டினாள். "அப்புறம் பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு டிவிக்காரர்களிடம் போனார். ஆய்வகத்தில் அவருக்கு 'மைக்கு' என்று பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை.

"அக்கா, அது இன்னும் எலிக்குக்கூட போடலக்கா. ரத்தத்துல நிக்கவே மாட்டேங்குது."

"நீ சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். முதல் மார்க் வாங்கிட்டு சுமாரா எழுதுனேன்னு சொல்லுவே. அவ்வளவு பெரிய மனுஷன் பொய்யா சொல்வாரு?"

தங்கைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன்மேல் அக்கா வைத்திருந்த பெருமையையே அந்த மனிதர் அவள் உயிருக்கு உலை வைக்க எடுத்துக்கொண்டுவிட்டார். கையுறையைக்கூடக் கழற்றாமல், கதவைத் தட்டாமல் அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், எங்கக்கா லைன்ல இருக்காங்க. மார்புல கட்டி. நம்ம பெட்டிக்காக ஆபரேஷன தள்ளிப் போட்டிருக்காங்க. காத்திருக்கலாமான்னு நீங்களே சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். தலைவர் அவளை முறைத்தார். பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டு ஆரம்பித்தார். "வணக்கம்மா. இது வந்து, ரொம்ப நம்பிக்கை தர்ற ஆராய்ச்சி. இப்போதைக்கு ஆரம்பக் கட்டத்துல..."

"சுத்தி வளைக்காதீங்க சார்" என்றாள் அக்கா. "உங்க வீட்டம்மாவுக்கு இப்படின்னா காத்திருப்பீங்களா?"

மேஜைமேல் அவருடைய மனைவி படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். தலைவர் அதைப் பார்த்தார். சட்டென்று தேன் வற்றிவிட்டது.

"மாட்டேன்மா. உடனே ஆபரேஷன் பண்ணிக்குங்க."

"அப்ப ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று அக்கா கேட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லி அத்தானிடம் அவள் கத்துவது கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

"சொல்லியாச்சு. இப்ப திருப்தியா?" என்றார் தலைவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

திருப்தியாம்! வெட்கங்கெட்ட கேள்வி.

"எங்கக்காவுக்கு நான் இருந்தேன் சார். டிவில உங்களப் பாத்த மத்தவங்களுக்கு யாரு இருக்கா?"

போனை எடுத்து, அவரைப் பேட்டி எடுத்த டிவி நிருபரின் எண்ணைத் தட்டினாள். ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"ரிங் போகுது சார். அக்காகிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க."