இறங்கத் தெரியாதவர்

என் வீட்டுக்காரர் ஐம்பத்து மூன்றாவது வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டார். ஆசைப்பட்டெல்லாம் இல்லை. அந்த மனிதருக்கு ஆசை என்று இருந்ததே வெற்றிலையும் மத்தியானத் தூக்கமும்தான். நான்தான் பிடித்துத் தள்ளினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, கேரியரைப் பிடித்து நிஜமாகவே தள்ளினேன்.

பெரிய பண்ணையின் நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நாங்கள் பதினெட்டு வருஷமாகக் குத்தகைக்குச் செய்து வந்தோம். அளந்த நெல்லுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தந்ததில்லை. அப்போதுதான் புது சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உழுகிறவன் தன் பெயரைத் தாலுகா ஆபீசில் குத்தகைதாரன் என்று பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் நினைத்த மாத்திரத்தில் யாரும் வெளியேற்ற முடியாது என்றார்கள். விவசாயச் சங்கத்துத் தியாகராசன் மனு எழுதினார், இவர் கைநாட்டு வைத்தார். பாபநாசத்தில் விசாரணை என்று காகிதம் வந்தது. எங்கள் ஊரிலிருந்து எட்டு மைல்.

அதில் முதல் அரை மைல்தான் பாடு. ஆற்றுப் பாலத்துக்குப் போக பண்ணைத் தெருவை விட்டால் வேறு வழி இல்லை. பஸ் நிற்பதும் பண்ணை வீட்டுக்கு நேர் எதிரே. முதல் வாய்தாவுக்கு இவர் அங்கே போய் பஸ்ஸுக்கு நின்றார். பண்ணையின் காரியஸ்தர் வெளியே வந்தார்.

"டேய் காத்தான், ஆண்டை கூப்பிடுறாரு. கொட்டாயில போய் இரு" என்றார்.

இவர் மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். பஸ் போயிற்று. மத்தியானம் இரண்டு மணிக்கு, ஆண்டை தூங்குகிறார், நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் வாய்தாவுக்கு விடியும் முன்பே நடந்து போகச் சொன்னேன். இவருக்குக் குதிகாலில் ஆணி. நொண்டி நொண்டித் தெருவைத் தாண்டுவதற்குள் காரியஸ்தர் பல்குச்சியும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டார். மறுபடியும் மாட்டுக் கொட்டகை.

"ஏங்க, வேலை இருக்கு, அப்புறமா வர்றேன்னு சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டா எப்படி புள்ள போகாம இருக்கறது?" என்றார். அதுவும் என்னமோ நான் புத்தி இல்லாமல் கேட்டதைப் போல. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு உலையே வைக்கவில்லை. பட்டினி கிடந்தாலாவது ரோஷம் வருகிறதா பார்ப்போம் என்று இருந்தேன். ரோஷம் வரவில்லை, பசிதான் வந்தது. அதுவும் எனக்கு.

மூன்றாம் காகிதம் வந்ததும் தியாகராசன் பிரித்துப் படித்தார். "இதாங்க கடைசி. பத்தரைக்கு மூணு தரம் பேரைக் கூப்பிடுவாங்க. ஆள் இல்லேன்னா மனு தள்ளுபடி. தையில பண்ணை ஆளுங்க உங்க வயல்ல அரிவாளோட எறங்குவாங்க. கேக்க நாதி இருக்காது" என்றார்.

மனு அவர் பெயரில் இருக்கிறது, நான் போனால் செல்லாது. நான் யோசித்தேன். கூப்பிட்டால் இவர் கால் நின்றுவிடுகிறது. கால் தரையில் இருந்தால்தானே நிற்கும்? சைக்கிள் புத்தி எனக்கு வந்தது அப்படித்தான்.

பக்கத்து ஊரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர் அல்லா பிச்சை. நான் கேட்டதும் சிரித்துவிட்டார். "இந்த வயசுலயா தங்கச்சி? சரி, இத எடுத்துக்க. பெல்லு நல்லா அடிக்கும். பிரேக்குதான் கொஞ்சம் யோசிச்சுப் புடிக்கும்" என்று பழைய சைக்கிள் ஒன்றை இறக்கிக் கொடுத்தார்.

குறுவை அறுப்பு முடிந்து களம் காலியாகக் கிடந்தது. அங்கே வைத்துப் பழக்கினேன். எங்கள் தெருவே கரகாட்டம் பார்க்க வந்தது போலக் கூடிவிட்டது.

"ஐஞ்சுல வளையாதது ஐம்பதுல வளையுமாடி?" என்றாள் எதிர்வீட்டு ராசம்மாள்.

"வளைய வேணாம்டி, உருண்டாப் போதும்" என்றேன்.

உருண்டார். அன்றைக்கு ஒன்பது தடவை உருண்டார். ஒவ்வொரு தடவையும் எழுந்து, ஹேண்டில்பார் கோணல் என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். மூன்றாம் நாள் கேரியரை விட்டுவிட்டேன், அவருக்குத் தெரியாது. களத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு எதிரே நான் நிற்பதைப் பார்த்து, "நீ இங்க இருக்க, பின்னால யாரு?" என்று கேட்டபடியே வைக்கோல் போரில் போய்ச் செருகிக்கொண்டார்.

எட்டு நாளில் மிதிக்கக் கற்றுக்கொண்டார். மதகுக் கட்டையில் காலை வைத்து ஏறக் கற்றுக்கொண்டார். ஆனால் இறங்க மட்டும் வரவே இல்லை. சைக்கிள் உயரம், ஆள் குள்ளம். பிரேக் பிடித்தால் சைக்கிள் நிற்கும், இவர் நிற்கமாட்டார். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் கேரியரில் உட்கார்ந்து வருவது, நிறுத்த வேண்டிய இடத்தில் குதித்து, கேரியரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடிப்பது. இவர் அலுங்காமல் இறங்குவார். ஆக, அந்த சைக்கிளுக்கு பிரேக் நான்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் சாயங்காலம் வாய்க்கால் கரையோரம் போய்விட்டு வந்தோம். இறங்கியதும் இவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட இவர் அப்படிச் சிரித்ததில்லை.

"காத்து மூஞ்சியில அடிக்குது புள்ள. கால்ல ஆணி இருக்கறதே தெரியல. இத்தன வருசம் இது தெரியாம மண்ணுல நடந்தே செத்திருக்கேன்" என்றார். எனக்கு அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

ஐப்பசி பிறந்து மூன்றாவது நாள் வாய்தா. காலையில் தூறல் விட்டிருந்தது. வெளுத்த வேட்டி கட்டி, மதகுக் கட்டையில் கால் வைத்து ஏறினார். காகிதத்தை மடியில் முடிந்துகொண்டு நான் தாவி உட்கார்ந்தேன். பண்ணைத் தெரு முனை வந்ததும் அவர் முதுகு விறைத்தது.

"அடி அம்சம், இறங்கணுமே" என்றார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிள் மேல் உட்கார்ந்து போகக்கூடாது. முனையிலேயே இறங்கி, கடைசிவரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியூரிலிருந்து வரும் எங்கள் உறவுக்காரர்கள் அப்படித்தான் தள்ளுவார்கள். எல்லாம் யோசித்த எனக்கு இது எப்படி மறந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவரிடமும் சைக்கிள் கிடையாது. இல்லாத சைக்கிளிலிருந்து இறங்குவதை யார் நினைத்துக்கொண்டு இருப்பார்கள்?

"குதி புள்ள. புடி" என்றார்.

குதிக்கத்தான் காலை நீட்டினேன். அப்போது காரியஸ்தர் கண்ணில் பட்டார். பண்ணை வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஆண்டையே நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். இறங்கித் தள்ளினால் இவர் நொண்டி நொண்டி நடப்பார். கூப்பிடுவார்கள். போவார். அதோடு மூன்று மாவும் போச்சு.

"டேய் காத்தான்! என்னடா இது கூத்து? இறங்குடா!" என்று கையை நீட்டிக்கொண்டு காரியஸ்தர் நடுரோட்டுக்கு வந்தார்.

"குதி! குதி! அடியே, குதிடி!" என்று இவர் அலறினார்.

நான் இரண்டு கையாலும் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டேன். கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டேன்.

"ஆண்டே! இறங்கத் தெரியாதுங்க! மன்னிச்சுக்குங்க! வர்றப்ப வர்றேங்க!" என்று கத்திக்கொண்டே மிதித்தார் என் வீட்டுக்காரர். பயத்தில் கட்டைவிரல் பெல்லை விடவே இல்லை, தெரு முழுக்க மணிச் சத்தம். காரியஸ்தர் கடைசி நொடியில் ஒதுங்கிச் சாக்கடைக்குள் காலை விட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆண்டை டம்ளரைப் பிடித்த கையோடு அப்படியே எழுந்து நின்றார். நாங்கள் பாலம் ஏறிவிட்டோம்.

மூன்று மைல் தூரம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "குடியக் கெடுத்துட்டியே! நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?" என்றார். நான், "மிதிங்க" என்றேன். நாலாவது மைலில் ஒரு மாட்டு வண்டியைத் தாண்டினார். திரும்பிப் பார்த்தார். இன்னொரு வண்டியைத் தாண்டினார். அப்புறம் திட்டு நின்று, தெம்மாங்கு வந்தது. ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர், பக்கத்தில் நட்டு முடித்த சம்பா வயல். எனக்கும் பயம் கொஞ்சம் குறைந்தது.

தாலுகா ஆபீஸ் வாசலில் நான் குதித்துப் பிடித்தபோது உள்ளே பியூன் இரண்டாம் தடவை கூப்பிட்டான். "இருக்கேங்க!" என்று இவர் ஓடினார்.

தாசில்தார் கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர். நாங்கள் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் காரியஸ்தரும் பஸ் பிடித்து வந்துவிட்டார், வேட்டியில் முழங்கால் வரை சாக்கடைச் சேறு. அந்த நிலம் பண்ணையின் சொந்தச் சாகுபடி, காத்தான் வெறும் கூலியாள் என்றார்.

"அந்த வயலுக்குத் தண்ணி எங்கிருந்து பாயுது?" என்று தாசில்தார் அவரையே கேட்டார்.

"வாய்க்கால்லேருந்துதான் சார்" என்றார் காரியஸ்தர்.

தாசில்தார் இவர் பக்கம் திரும்பினார். இவருக்கு மற்றப் பேச்சுதான் வராது. வயலைப் பற்றிக் கேட்டால் வாய் மூடாது. "கெழக்கால ஒரு மடை இருக்குங்க. அதுல ஒரே நண்டு வளை, தண்ணி நிக்காது. அத அடைச்சுப்புட்டு தெக்கால வேற மடை வெட்டியிருக்கேங்க. பனந்துண்டு பதிச்சிருக்கேன். மேல்மூலை கொஞ்சம் மேடு, அங்க முதல்ல ஏத்தணும், இல்லேன்னா நாத்து காயும்…"

"போதும் பெரியவரே" என்று சிரித்தபடி தாசில்தார் எழுத ஆரம்பித்தார்.

காரியஸ்தர் பார்த்தார். குரலைக் குழைத்தார். "சார், இவன் நல்லவன்தான். யாரோ தூண்டிவிட்டுட்டாங்க. இன்னிக்கு எங்க தெருவுல சைக்கிளை விட்டு இறங்காமலே வந்தான். அதக்கூட நாங்க பெரிசு பண்ணலை. மனுவ வாபஸ் வாங்கிட்டு வந்து ஆண்டை கால்ல விழுந்தான்னா நாங்களே பேசி முடிச்சுக்குவோம்."

"ஏன் பெரியவரே, நீங்க ஏன் இறங்கலை?" என்று கேட்டார் தாசில்தார்.

இவர் கையைக் கட்டிக்கொண்டு உண்மையைச் சொன்னார். "இறங்கத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இறங்கியிருப்பேங்க."

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காரியஸ்தரும் சிரித்தார். "பாத்தீங்களா சார், தப்புன்னு அவனே ஒத்துக்கிறான். சரி, வாடா போவோம்" என்றார்.

இவர் கால் திரும்பியது. என் கண்ணால் பார்த்தேன். ஆணி உள்ள அந்தக் கால், கூப்பிட்ட பக்கம் திரும்பியது.

அந்த மாதிரி இடத்தில் நான் அதற்கு முன் வாயைத் திறந்ததில்லை. "சார், அவருக்குத்தான் இறங்கத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றேன். "வண்டிய நிறுத்துறவ நான். நிறுத்துன்னு அவரு கத்துனாரு. நான்தான் நிறுத்தலை. தெரியாம நடக்கலை சார், தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். அதுக்கு யாரும் யார் கால்லயும் விழ வேண்டியதில்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. காரியஸ்தர் என்னை முறைத்தார். இவர் என்னையே பார்த்தார், முப்பது வருஷம் கூட இருந்தவளை அன்றைக்குத்தான் பார்ப்பது போல.

தாசில்தார் பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டார். "காத்தான், நீங்க சொல்லுங்க. மனுவ வாபஸ் வாங்குறீங்களா?"

இவர் காரியஸ்தரைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இல்லீங்க" என்றார்.

பண்ணை ஆட்கள் எதிரே இவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். தாசில்தார் பெயரைப் பதியச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து புளியமரத்தடியில் நான் ஓவென்று அழுதேன். "அழற நேரமா இது? வா, டீ குடிப்போம்" என்று இவர் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. பாலம் ஏறும்போதே தெரிந்தது. பண்ணை வாசலில் காலையில் இருந்ததைவிட ஆள் அதிகம். ஆண்டையும் நாற்காலியில் இருந்தார். எனக்குப் பேசும்போது இருந்த தைரியமெல்லாம் போய்விட்டிருந்தது. நாளைக்கும் இதே ஊரில்தான் இருக்க வேண்டும், இதே தெருவில்தான் போக வேண்டும்.

அவர் முதுகைத் தட்டினேன். "ஏங்க, தெரு வருது. குதிக்கவா? புடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

பாலத்தின் இறக்கத்தில் சைக்கிள் வேகம் எடுத்தது. நான் காலை நீட்டினேன்.

"காலைத் தூக்குடி" என்றார். "கெட்டியாப் புடிச்சுக்க. நம்ம வாசல் வந்தப்புறம் குதி."