வடகரை ஏரி ஆவியானது

ஏரி காணாமல் போய் நாற்பத்தொரு மணி நேரம் ஆகிறது. அது இருந்த இடத்தில் ஒரு பஸ் நிற்கிறது.

பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் இல்லை. 'வந்துவிட்டது' என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஏரியில் நீந்திக்கொண்டிருந்த நாமக்கோழிகள் வரிசையில் நின்று ஏறுகின்றன. கண்டக்டர் அவற்றிடம் சில்லறையாகக் கொடுக்கச் சொல்கிறார்.

ஏரி என் மாடி வீட்டில்தான் இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

எங்கள் வடகரையில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு. மர்மம், நினைவு. ரேஷன் கார்டில் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். நினைவுகள் தினமும் சாயங்காலம் கரைக்கு வந்து மைக்கில் தங்கள் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். மர்மங்கள் எதையும் சொல்லக் கூடாது.

கணக்கெடுக்க வந்தவர், "நீ இன்னாம்மா?" என்று கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. பதில் சொல்லவில்லை. மர்மம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அது எனக்கு வசதியாக இருக்கிறது. ஒரு மர்மம் ஓர் உண்மையைச் சத்தமாகச் சொன்னால் அந்த நிமிடமே நினைவாக மாற்றிவிடுவார்கள். பிறகு ஆயுள் முழுக்க மைக்.

நான் பி.எஸ்சி. இயற்பியல். கரைமேல் ஓர் இரும்புத் தொட்டி உண்டு. அதில் ஏரித் தண்ணீர் இருக்கும். தினமும் காலையில் அதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்பேன். கரும்பலகையில் எழுதுவேன். 'ஆவியானது: 6 மி.மீ.' அவ்வளவுதான் என் வேலை. பேசத் தேவை இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். ஏரி நின்றுகொண்டிருந்தது. செருப்பு விடும் இடத்தில் தன் கரையைக் கழற்றி வைத்திருந்தது.

"உள்ள வரலாமா?" என்றது.

தலையசைத்தேன்.

"ஈரமாயிடும்."

"பரவால்ல, வாங்க."

தண்ணீர் தானாக மேல்நோக்கி ஏறாது என்று படித்திருக்கிறேன். ஏரி ஒவ்வொரு படியாக ஏறி வந்திருந்தது. அதைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. விருந்தாளி.

அது கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்தது. மீதி அறையிலும் உட்கார்ந்தது. நான் அலமாரிமேல் ஏறிக்கொண்டேன்.

"ஏன் என்கிட்ட வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நேத்து உனக்கு எவ்ளோ கொறைஞ்சுதுன்னு தினமும் வந்து கேக்கறது நீ ஒருத்திதான்."

டீ போடட்டுமா என்றேன். தன்னிடம் தண்ணீர் இருப்பதாகச் சொன்னது.

பிறகு, இருந்த இடத்தை விட்டு ஏன் வந்தது என்று சொன்னது. காதோடு சொன்னது. காது நனைந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத. வெக்கமா கீது."

நான் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்ல முடியாது. நான் மர்மம்.

கீழ் வீட்டில் இருப்பவர் கன்னியம்மா. வீட்டுக்காரம்மா. நினைவு. அவர் படிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தார்.

"ஏம்மே, மேல இன்னா, தண்ணி சொட்டுது?"

நான் எட்டிப் பார்த்துச் சிரித்தேன்.

"கெண்ட மீனு ஒண்ணு படியேறிப் போச்சே. யாரு, உன் சொந்தக்காரங்களா?"

சிரித்தேன்.

"நல்ல புள்ளயாத்தான் கீது. கால கழுவிட்டு ஏறிச்சு. இதையெல்லாம் நான் மைக்குல சொல்லுவேன், அப்புறம் கோச்சுக்காத."

சொன்னார். அன்று சாயங்காலமே சொன்னார். ஆனால் அவருக்கு முன் பேசியவர் தன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதை இலை இலையாகச் சொல்லிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நினைவுகளை யாரும் கவனிப்பதில்லை. அதற்காகத்தான் மைக்.

புதன்கிழமை காலை வழக்கம்போல வேலைக்குப் போனேன். கரைக்குப் போகும் தெரு நீண்டிருந்தது. போய் முடிய ஓர் ஏரி இல்லாவிட்டால் தெரு அப்படித்தான் நீளும். பால்காரர் அதே வீட்டை மூன்று முறை கடந்து போனார். மூன்று முறையும் பால் ஊற்றினார்.

தொட்டி காய்ந்து கிடந்தது. அதிலிருந்த தண்ணீரும் ஏரியோடு போயிருந்தது. சாக்பீஸை எடுத்து 'ஆவியானது:' என்று எழுதினேன். எவ்வளவு என்று தெரியவில்லை. இல்லாத ஒன்றை ஊகித்து எழுதக் கூடாது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அப்படியே விட்டேன்.

மர்ம அதிகாரி துலுக்காணம் வந்தார். காணாமல் போனவற்றை விசாரிப்பது அவர் வேலை. பலகையை வாசித்தார்.

"ஆவியானது," என்றார். "எது?"

நான் பேசவில்லை.

"ஏரியா?"

நான் பேசவில்லை.

"அடக் கடவுளே. ஆவியா பூட்சா?"

தொப்பியைக் கழற்றினார். அதற்கு அடியில் இன்னொரு தொப்பி இருந்தது. அதையும் கழற்றினார்.

அந்தச் சொல் தினமும் அதே பலகையில் இருந்தது. யாரும் பயந்ததில்லை. பக்கத்தில் எண் இருந்தால் அது நீராவி. எண் இல்லாவிட்டால் வேறு ஆவி.

மதியத்துக்குள் அறிவித்துவிட்டார்கள். ஏரி காலமாகி ஆவியாகிவிட்டது. நாளை காலை கரையில் காரியம். அதற்குள் யாரும் மறுக்காவிட்டால் இடம் பஸ்ஸுக்கு. பஸ் ஏற்கெனவே வந்திருந்தது. துக்க வீடு என்பதால் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது.

ஏரியிடம் சொன்னேன்.

"எனக்கா காரியம்?" என்றது. "யாரு யாரு வராங்க?"

"எல்லாரும்."

"இன்னா போடறாங்க?"

"வடை, பாயசம்."

"நானும் வரேன்."

என்னிடம் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் இருந்தது. ஏரியின் கொள்ளளவு முந்நூறு மில்லியன் கன அடி. குடத்தில் பதினைந்து லிட்டர் பிடிக்கும். ஏரி தன்னை நாலாக மடித்து உள்ளே இறங்கியது.

"கழுத்துகிட்ட கொஞ்சம் இறுக்கமா கீது," என்றது.

மூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. மூடவில்லை.

இன்று காலை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. குடத்தோடு போகிற பெண்ணை எங்கள் ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிமேல் ஏரியின் படம். பாஸ்போர்ட் அளவு. மாலை போட்டிருந்தது. படத்தில் ஏரி கண்ணை மூடியிருந்தது.

"நல்ல படம் ஒண்ணு குடுத்திருப்பேனே," என்றது குடம்.

முதலில் குணபூஷணம் மைக்குக்கு வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வடகரையின் மூத்த நினைவு.

"எனக்கு நீச்சல் கத்துக்கொடுத்தது இந்த ஏரிதான்," என்றார். "எங்கப்பா என்னைத் தூக்கி நடு ஏரியில போட்டாரு. ஏரி சொல்லுச்சு. குணா, கையை அடி. குணா, காலை அடி."

"நான் ஒண்ணும் சொல்லல," என்று குடம் முணுமுணுத்தது.

"அடுத்த வாரம் இருபது அடி ஆழமா தூர் வாரப் போறதா போர்டு வெச்சோம். அதைப் பாக்க ஏரிக்குக் கொடுத்து வைக்கல."

குடம் குலுங்கியது. என் பாவாடை நனைந்தது. அடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்தது கன்னியம்மா. "எங்கூட்டு எருமைக்கே நீச்ச கத்துக்குடுத்துச்சு அந்த மவராசி. எருமை இன்னிக்கும் நன்றியோட கீது," என்றார். எருமை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஆமாம் என்று தலையாட்டியது.

துலுக்காணம் எழுந்தார்.

"ஏரி ஆவியா பூட்சுன்றத யார்னா மறுக்கறீங்களா?"

பஸ் இன்ஜினைப் போட்டது. பந்தல் ஆடியது.

"என்னை எறக்கு," என்றது ஏரி.

குடத்தைத் தரையில் வைத்தேன். ஏரி வெளியே வந்து மெதுவாக மடிப்பைப் பிரித்துக்கொண்டது. முழுக்கப் பிரிக்கவில்லை. முழங்கால் அளவுக்கு நின்றது. ஓரங்களில் கசங்கியிருந்தது.

"ஐயோ, ஆவி!" என்று கன்னியம்மா கத்தினார். வடையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார்.

"யாரும் பயப்படாதீங்க," என்றார் துலுக்காணம். அவரும் நாற்காலிமேல்தான் இருந்தார். "சட்டம் கீது. காணாம போனது திரும்பி வந்தா காரணம் சொல்லணும். சொன்னா ஏரி. சொல்லலன்னா ஆவி. ஆவிக்கு எடம் கெடையாது. எடம் பஸ்ஸுக்கு."

ஏரியைப் பார்த்து, "ஏன் போன?" என்று கேட்டார்.

ஏரியின் மேல்பரப்பு சிலிர்த்தது.

"கேக்கறாங்க இல்ல? சொல்லேன்," என்றார் குணபூஷணம். "உன்கிட்ட நீச்சல் கத்துக்கிட்ட ஊரே நிக்குது. எங்ககிட்ட இன்னா வெக்கம்?"

ஏரி இன்னும் கொஞ்சம் உள்வாங்கியது. கணுக்கால் அளவு ஆனது. என் பக்கம் நகர்ந்து வந்தது.

"நீயே சொல்லேன்," என்றது.

"எனக்கும் வெக்கமா இருக்கு."

"உனக்கு மைக்கு. எனக்கு பஸ்ஸு."

யோசித்துப் பார்த்தேன். அது சொன்னது சரி.

பஸ் முன்னால் வந்தது. முன்சக்கரம் ஏரியின் ஒரு மூலையில் ஏறியது. ஏரி, "ஸ்ஸ்," என்றது. ஜன்னலோர நாமக்கோழிகள் வேறு பக்கம் பார்த்தன.

நான் மைக்கை நோக்கி நடந்தேன். மைக் பின்னால் போனது. இன்னும் நடந்தேன். இன்னும் போனது. அதற்கும் கூச்சம் போல. கடைசியில் எருமை மேல் முட்டிக்கொண்டு நின்றது.

"ஐய, மர்மம் பேசப் போவுது மே," என்றார் கன்னியம்மா. "இதுக்கு நாக்கு கீதா?"

துலுக்காணம் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "பேசினா கார்டு மாறிடும். அப்புறம் தினமும் நீ வந்து நிக்கணும். தெரியுமில்ல?"

தலையசைத்தேன். கடைசியாக ஒரு முறை தலையசைக்கிறோம் என்று தோன்றியது. அதனால் நன்றாக அசைத்தேன்.

குணபூஷணம் வந்து மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார். அவருக்கு அது தொழில்.

"ஏரிக்கு," என்றேன்.

மைக் கீச்சிட்டது. பஸ் நின்றது. எருமை திரும்பிப் பார்த்தது. ஏரி கண்ணை மூடிக்கொண்டது, படத்தில் இருப்பதைப் போலவே.

"ஏரிக்கு நீச்சல் தெரியாது."