உரஞ்ச வேண்டாம்

பிறின்ஸ் கிற்றாரைத் தூக்கி மடியில் வைத்ததும் றோசமலர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டாள். மகன் றொஜர் மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் வாங்கிய மலிவு எலெக்ரிக் கிற்றார் அது. அந்த வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போதுதான் லொறி அடித்தது. வருகிற ஞாயிறு அவனுடைய ஆண்டு நினைவுப் பூசை. அன்றைக்கு மாதா கோயிலில் இந்தக் கிற்றார் ஒலிக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை ஒன்றும் மிச்சமில்லை. கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறவன் பிறின்ஸ்; அவன் சரிவராது என்றால் அவ்வளவுதான்.

கணவன் ஏர்னஸ்ற் ஜன்னலடியில் கால்சாத் தெருவைப் பார்த்தபடி நின்றார். அந்த மனுசன் ஒரு வருடமாகக் கிற்றார் பக்கம் முகம் திருப்பியதில்லை.

பிறின்ஸ் சுருதி சேர்த்தான். ஒரு கண்ணை மூடிக் கிற்றாரின் கழுத்தை நீளவாக்கில் பார்த்தான். ஒலிபெருக்கும் அம்ப்பில் மாட்டித் தட்டினான்.

"கழுத்து வளையேல்லை அன்ரி. சத்தமும் இந்த விலைக்கு நம்பேலாத அளவு நல்லாயிருக்கு." விரல் ஓடும் பலகையைத் தடவினான். "ஆனா கைபட்டுக் கறுக்க வேண்டிய பலகை, காய்ஞ்சு வெளிறிக் கிடக்கு. றொஜர் கனக்க வாசிக்கேல்லையோ?"

வாசிக்கவில்லையா! ஓயாமல் வாசித்த பிள்ளை. அவன் செத்த முப்பத்தோராம் நாளுக்கு றோசமலர் வீடு கழுவியபோது, தான் துப்புரவு செய்யப் போகும் இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டு அடுப்புக்குப் போடும் கொழுப்பெடுக்கும் மருந்தால் இதையும் தேய்த்திருந்தாள். பலகையில் அப்பியிருந்த கறுப்பெல்லாம் துணியோடு வந்தது. துணியை அலசி ஊற்றிய பிறகுதான் அது பிள்ளையின் விரல் அழுக்கு என்று உறைத்தது. ஊரார் வீட்டை மினுக்கிப் பழகிய பாழாய்ப்போன கை. இதை அவள் ஏர்னஸ்றிடம்கூடச் சொல்லவில்லை.

"நான்தான் தம்பி கழுவினனான். அவன்ரை கையழுக்கு முழுக்கப் போயிட்டுது."

ஏர்னஸ்ற் மெல்லத் திரும்பினார்.

பிறின்ஸ் வாசிக்கத் தொடங்கினான். ஓரிடத்தில் கம்பி கிர்ரென்று இரைந்தது. மறுபடி அழுத்தினான், மறுபடி இரைந்தது. குனிந்து பார்த்தான்.

"அன்ரி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். பலகையிலை பதிச்ச இந்தக் குறுக்குக் கம்பியளைப் பாருங்கோ. மிருதுவான உலோகம், அழுத்த அழுத்தத் தேயும். ரெண்டிலை பள்ளமே விழுந்திட்டுது. கையெடுக்காம வாசிச்சிருக்கிறான். அதுதான் இரையுது. நாளைக்கே உரஞ்சி மட்டமாக்கித் தாறன்."

றோசமலர் நகத்தால் தடவிப் பார்த்தாள். சின்னப் பள்ளம், நகம் இடறியது. இதை மட்டும் அவளுடைய மருந்தால் அழிக்க முடியவில்லை.

"உரஞ்சினா இந்தப் பள்ளம்?"

"போயிடும்."

"அப்ப உரஞ்ச வேண்டாம்."

"பூசையிலை இரையும் அன்ரி. சனம் சிரிக்கும்."

ஏர்னஸ்ற் அருகில் வந்து மற்றப் பள்ளத்தில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. "சிரிக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நற்கருணைப் பாட்டில் கிற்றார் இரைந்தது. பாட்டு நடத்திய கிளறா திரும்பி முறைத்தாள். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறின்ஸ் அந்த இடம் வரும்போதெல்லாம் ஒளிக்காமல் அழுத்தினான். ஏர்னஸ்ற் தலையைக் குனிந்துகொண்டு மனைவியின் கையைப் பிடித்தார்.

றொஜர் இருந்தபோது வீட்டில் இதே இரைச்சல் கேட்டால், "நிப்பாட்டடா, தலை இடிக்குது" என்று குசினியிலிருந்து கத்துவாள் றோசமலர். இன்று பாட்டு முடிந்து எல்லோரும் முழந்தாளிட்ட பிறகும், இன்னும் ஒருதரம் கேட்காதா என்று நின்றுகொண்டேயிருந்தாள்.